மறைத்தல் என்னும் தொழில்

திருவதிகைக்குச் சூலை நோயோடு வந்து சேர்ந்த ஒருவர் வலி தாளாமல் பாடிய பதிகத்தை, இன்று ஒரு கம்ப்ரஸருக்குள் செலுத்திச் சமப்படுத்தித் தரலாமா? என் சக ஒலிப்பதிவாளர்களுக்கு இது தொழில்நுட்பக் கேள்வி. எந்தக் கருவி, எத்தனை டெசிபல் என்று முடிவு செய்தால் அவர்களுக்கு விஷயம் தீர்ந்தது. எனக்கு அப்படித் தீர்வதில்லை. திருமுறை கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. தருமபுரம் ப. சுவாமிநாதனின் குரல் கேட்காத விடியற்காலை என் சிறு வயதில் அபூர்வம். இப்போது சாலிகிராமத்தில் ஒரு சின்ன அறையில் பதிவும் மிக்ஸிங்கும் செய்கிறேன். சினிமாப் பாட்டு வரும், விளம்பரம் வரும், நடுவில் ஓதுவார்களும் வருவார்கள். மற்ற வேலைகளில் தயங்காமல் திருகுகிற குமிழை ஓதுவார் குரலுக்குத் திருகும்போது கை ஒரு கணம் நிற்கிறது. ஏன் நிற்கிறது என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

கருவியைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குரல் ஓர் எல்லையைத் தாண்டும்போது அதன் உரப்பைத் தானாகவே குறைப்பது கம்ப்ரஸர். அந்த எல்லை திரெஷோல்டு. ரேஷியோ 4க்கு 1 என்று வைத்தால், பாடகர் எல்லையை 4 டெசிபல் தாண்டும்போது வெளியே 1 டெசிபல்தான் தாண்டும். எவ்வளவு விரைவில் அழுத்த வேண்டும் என்பது அட்டாக். அழுத்திய கையை எவ்வளவு விரைவில் எடுக்க வேண்டும் என்பது ரிலீஸ். இந்தக் கருவிகள் வருவதற்கு முன் ஒலிப்பதிவாளர் பாட்டோடு சேர்ந்து குமிழைக் கையாலேயே ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கையின் வேலையை மின்சுற்று எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். உச்சங்கள் தாழ்ந்தபின் மொத்த அளவைத் தூக்கிக் கொடுக்கலாம். அப்போது முன்பு காதில் விழாத மெல்லிய இடங்கள் மேலே வரும். உரத்ததைத் தாழ்த்துவதும் மெல்லியதை உயர்த்துவதும் இந்தக் கருவியில் ஒரே செயலின் இரண்டு பக்கங்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

டெல்டா பக்கத்துக் கோயில் ஒன்றில் பணி ஓய்வு பெற்ற ஓதுவார் ஐயா ஒருவர் பதிகங்களைப் பதிவு செய்ய வந்திருந்தார். அதில் திருவதிகைப் பதிகமும் ஒன்று. பண் கொல்லி, நம் காதுக்கு நவரோஜ். அந்த ராகம் நடமாடுகிற இடமே தனி. மந்தர பஞ்சமத்தில் தொடங்கி மத்திய ஸ்தாயிப் பஞ்சமத்தோடு நின்றுவிடும். ஆகவே வரி இறங்கும்போது வயதான குரல் ஏறக்குறைய மூச்சாகிவிடும்; ஏறும்போது அதே குரல் கிழிந்துகொண்டு வரும். மிக்ஸிங் செய்ததைப் போட்டுக் காட்டினேன். அவர் பாட்டைக் கேட்டதைவிடத் திரையில் இருந்த மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இந்த முள்ளு எதுக்கு இப்படி விழுந்து விழுந்து எழுந்திரிக்குது?”

“நீங்க ஓங்கிப் பாடுற இடத்துல குரலைக் கொஞ்சம் தணிக்குதுங்க ஐயா.”

“அது நான் கதறுற இடமாச்சே. கதறுறதுக்குக்கூட அளவு வைப்பீங்களா?”

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் மந்தர பஞ்சமத்தைப் பற்றிச் சொன்னேன். மெல்லிய இடங்கள் கேட்காமல் போய்விடும் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். ஆனால் அவர் கேட்டது அதுவல்ல என்று இருவருக்கும் தெரியும்.

அவர் பக்கத்து நியாயத்தை முதலில் முழுதாகச் சொல்லிவிடுவதுதான் முறை. நம் பக்தி மரபில் அழுகைக்குத் தனி இடம் உண்டு. அடக்கமுடைமைக்குத் திருக்குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆனால் அந்த அடக்கம் உலகத்தார் முன்னால் மனிதன் காக்க வேண்டியது. சந்நிதியில் அது தேவையில்லை, கூடாது என்றுகூட நாயன்மார்களின் வரலாறு சொல்கிறது. சபையில் நாவை அடக்கியவன் சாமிக்கு முன்னால் வாய்விட்டு அழலாம். அங்கே அளவு பார்ப்பது பக்திக் குறைவு. அப்படியானால், தன்னை மறந்து ஒருவர் மீறிய எல்லையை ஒரு கருவி திரும்பக் கொண்டுவந்து போடுவது, அவர் மீறியதையே இல்லாமல் ஆக்கிவிடுகிறதல்லவா? கேட்கிறவர் காதுக்குப் போய்ச் சேருவது பதிகம்தானா, பதிகத்தின் ஒழுங்கான நகலா?

இந்த வாதத்துக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. மைக் பிடித்த குரல்தான் அசல், கம்ப்ரஸர் தொட்ட பிறகு வருவது திரிபு என்பது அது. பதிவறையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் யாரும் அதை எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மைக் ஐயாவின் வாயிலிருந்து ஆறு அங்குலத்தில் இருக்கிறது. உருகிப் பாடும்போது அவர் மூன்று அங்குலம் முன்னால் சாய்ந்தால் தூரம் பாதியாகிறது. நேரடி ஒலி 6 டெசிபல் ஏறிவிடுகிறது. அவர் கதறவில்லை, சாய்ந்தார். ஆனால் மைக் அதைக் கதறலாக எழுதிக்கொள்கிறது. இதே சாய்வைச் சந்நிதியில் இருபது அடி தள்ளி நிற்கிற ஒருவர் கேட்டால், வித்தியாசம் ஒரு டெசிபலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆறு அங்குலத்தில் கேட்கிற அந்தக் குரலை எந்த அடியாரும் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை.

கல்மண்டபத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அங்கே ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்துவிடும். உரத்துச் சொன்னதன் எச்சம், மெல்லச் சொன்னதற்கு அடியில் தரையாக நிற்கும். தூணும் விதானமும் பள்ளங்களை நிரப்பிக்கொண்டே இருக்கும். ஓதுவார்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிப் பழகியது அந்தக் கல்லோடுதான்; எந்த இடத்தில் எவ்வளவு மூச்சைக் கொடுக்கலாம் என்று அவர்களுக்குக் கல் சொல்லிக் கொடுத்திருக்கிறது. பஞ்சு ஒட்டிய என் அறையில் அந்தக் கல் இல்லை. நான் போடுகிற எதிரொலியும் கம்ப்ரஸரும் சேர்ந்து அது செய்துகொண்டிருந்த வேலையில் கொஞ்சத்தைச் செய்கின்றன. ஆக, குரலைத் தொடாமல் விட்டுவிடுவதே நேர்மை என்று எண்ணுவது, மைக்கின் குறையைப் பாடகரின் கணக்கில் எழுதுவதாகிவிடும்.

இன்னும் உள்ளே போகலாம். காதே ஒரு கம்ப்ரஸர். நடுச்செவியில் அங்கவடி என்று ஓர் எலும்பு, உடலிலேயே சிறியது. அதோடு ஒரு தசை ஒட்டியிருக்கிறது. உரத்த சத்தம் வந்தால் அந்தத் தசை இறுகி எலும்பின் அசைவைக் குறைக்கும். உள்ளே நத்தை எலும்பில் உள்ள வெளிமயிர்ச் செல்கள் மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும். உரத்த ஒலிக்கு அந்த உதவியைச் செய்யாது. சுமார் 120 டெசிபல் அகலமான உலகம் இந்த வழியாகச் சுருங்கித்தான் நரம்புக்குள் நுழைகிறது. எனக்கு மிகவும் வியப்பான செய்தி வேறொன்று. நாம் வாய் திறந்து ஒலி எழுப்புவதற்குச் சற்று முன்பே அந்தத் தசை இறுகத் தொடங்குகிறது. அதாவது எவனும் தன் கதறலை முழு அளவில் கேட்டதே கிடையாது. படைப்பிலேயே ஒரு மறைப்பு வைக்கப்பட்டிருக்கிறது.

‘மறைப்பு’ என்று எழுதியபின் நிறுத்த முடியாது. சைவ சித்தாந்தம் இறைவனுக்கு ஐந்து தொழில் சொல்கிறது: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். மற்ற நான்கும் யாருக்கும் எளிதில் விளங்கும். மறைத்தல் மட்டும் சிறு வயதில் எனக்கு உறுத்தியது. கடவுள் ஏன் மறைக்க வேண்டும்? மறைத்துவிட்டு ஏன் தேடச் சொல்ல வேண்டும்? 13ஆம் நூற்றாண்டில் மனவாசகம் கடந்தார் எழுதிய உண்மை விளக்கம், நடராசர் திருவுருவத்தின் ஒவ்வோர் உறுப்பிலும் ஒரு தொழிலைக் காட்டுகிறது. துடியில் படைப்பு. அமைத்த கையில் காப்பு. தீயில் அழிப்பு. தூக்கிய திருவடியில் முத்தி. ஊன்றிய திருவடியில் மறைப்பு. படைப்பு ஒலியாகத் தொடங்குகிறது என்பது ஒலியோடு பிழைக்கிற எனக்கு இனிப்பான செய்தி. ஆனால் நான் அதிகம் யோசித்தது ஊன்றிய காலைப் பற்றி. முயலகனை அழுத்திக்கொண்டிருப்பது அந்தக் கால். தூக்கிய திருவடி தூக்கி நிற்பதும் அது ஊன்றியிருப்பதால்தான்.

திரோதானம் என்று சாத்திரம் சொல்லும் இந்த மறைப்பு, தண்டனை அல்ல. ஆன்மா பக்குவப்படாத நிலையில் இறைவன் தன்னை மறைத்துக்கொண்டு அதை உலக அனுபவத்தின் பக்கம் திருப்புகிறான். அனுபவித்து அனுபவித்து மலம் முதிர்கிறது. முதிர்ந்தபின் மறைத்த அதே சக்தி அருளாக வெளிப்படுகிறது. இடையில் வேறொரு சக்தி வந்து சேர்வதில்லை. இதனால் திரோதாயியை மலங்களோடு சேர்த்து எண்ணினாலும், அது மலங்களைத் தொழிற்படுத்துவதால் உபசாரமாக வந்த பெயர்தான் என்பார்கள் சித்தாந்திகள். உரத்ததைத் தாழ்த்துவதும் மெல்லியதை உயர்த்துவதும் ஒரே செயல் என்று மேலே சொன்னேனே, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்த இடம் பிடிபட்டது. புத்தகத்தில் படித்தபோது பிடிபடவில்லை.

ஆனால் எல்லா மறைப்பும் அருள் என்று சித்தாந்தம் சொல்லவில்லை. ஆணவமும் மறைக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் திருவருட்பயனில் ‘இருண்மல நிலை’ என்றே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். இருட்டையும் ஆணவத்தையும் அங்கே பிரித்துக் காட்டுகிறார். இருட்டு பொருளை மறைக்கும். ஆனால் ‘இங்கே இருட்டு இருக்கிறது’ என்பதாவது தெரியும். ஆணவம் பொருளையும் மறைக்கும், தான் மறைப்பதையும் மறைத்துவிடும். என் தொழிலில் நான் தேடிக்கொண்டிருந்த அளவுகோல் இதுவே என்று எனக்குப் படுகிறது. மறைக்கலாமா கூடாதா என்று கேட்பதில் பயனில்லை. மைக்கும் காதும் ஏற்கெனவே மறைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. என் மறைப்பு எந்த வகை என்றுதான் கேட்க வேண்டும்.

இனி ஐயாவின் குரலுக்கு வருகிறேன். கருவிகளைத் தேர்ந்தெடுப்பது இங்கே வெறும் ருசி சார்ந்த விஷயம் அல்ல.

குரலுக்கு உலகம் முழுக்க இரண்டு பெயர்கள் அடிபடும். ஒன்று, கலிபோர்னியாவின் பசடேனாவில் ஜிம் லாரன்ஸ் 1960களில் டெலிட்ரானிக்ஸ் நிறுவனத்துக்காகச் செய்த எல்ஏ-2ஏ. இன்னொன்று, பில் புட்னம் 1967இல் கொண்டுவந்த 1176. நாங்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது இவற்றைக் கணினிக்குள் நகல் எடுத்த பிளகின்களைத்தான். குணம் மாறவில்லை. எல்ஏ-2ஏவில் பெரிய குமிழ்கள் இரண்டே இரண்டு. உள்ளே ஒரு சிறிய ஒளிப்பலகை; குரல் ஏறினால் அது ஒளிரும். அதற்கு எதிரே காட்மியம் சல்பைடு ஒளித்தடை. ஒளி பட்டால் அதன் தடை குறையும், குரல் தணியும். அழுத்துவதற்கு ஏறத்தாழ 10 மில்லி செகண்ட் எடுத்துக்கொள்ளும். விடும்போதுதான் அதன் அழகு. பாதி தூரம் சுமார் 60 மில்லி செகண்டில் திரும்பிவிடும்; மீதிப் பாதிக்கு அரை விநாடி முதல் ஐந்து விநாடி வரை ஆகும். எவ்வளவு நேரம், எவ்வளவு பிரகாசமாக ஒளி பட்டதோ அதைப் பொறுத்து மெதுவாகும். பட்டது அதற்கு நினைவிருக்கிறது. சித்தாந்திகள் வாசனாமலம் என்று சொல்வது எனக்கு இந்த ஒளித்தடையைப் பார்த்தால் நினைவுக்கு வரும்.

1176க்கு நினைவு குறைவு. டிரான்சிஸ்டரால் அழுத்துகிறது. அட்டாக் 20 மைக்ரோ செகண்டிலிருந்து 800 வரை. மிக மெதுவான நிலையிலும் ஒரு மில்லி செகண்டுக்குள் பிடித்துவிடும். ரிலீஸ் 50 மில்லி செகண்டிலிருந்து 1.1 விநாடி. ரேஷியோவுக்கு 4, 8, 12, 20 என்று நான்கு பொத்தான்கள். குமிழில் எண் கூடக் கூட வேகம் கூடும். புதிதாக வருகிற பையன்கள் இதில் தடுமாறுவார்கள்.

ஐயாவின் குரலை எல்ஏ-2ஏவுக்கு மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? மேல் பஞ்சமத்தில் அவர் கதறுகிறார். ஒளிப்பலகை பளீரென்று எரிகிறது. அடுத்த வரி மந்தரத்தில், மூச்சாகத் தொடங்குகிறது. ஆனால் கருவி இன்னும் கதறலின் நினைவில் அழுத்திக்கொண்டே இருக்கிறது. மெல்லிய குரல் தன் தவறில்லாமல் தண்டனை அனுபவிக்கிறது. 1176க்கு மட்டும் கொடுத்து, அழுத்தத்தையும் கூட்டினால் வேறு விபத்து. தமிழின் வல்லினத்தைக் கவனியுங்கள். ‘ட்ட’, ‘ற்ற’, ‘த்த’ என்று வரும் இடங்களில் வாய் அடைபட்டு ஒரு நொடிப்பொழுது மௌனம், பிறகு வெடிப்பு. அந்த மௌனமும் யாப்பின் பகுதி. கருவி மிக விரைவாகக் கையை எடுத்தால் அந்த மௌனத்துக்குள் சுருதிப் பெட்டியும் மூச்சிரைப்பும் எழுந்து வந்து நிரப்பிவிடும். மிக விரைவாக அழுத்தினால் வெடிப்பின் முனை மழுங்கும். தேவாரத்தில் வல்லினம் மழுங்கினால் ஓதுவாருக்குப் பல் போய்விட்டது மாதிரிக் கேட்கும்.

அதனால் இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறேன், 1176 முன்னால். இன்புட்டைக் குறைவாகக் கொடுத்து, கதறல் மட்டும் எல்லையைத் தொடும்படி. 4க்கு 1, அட்டாக் மெதுவாக, ரிலீஸ் வேகமாக. 3 டெசிபலுக்கு மேல் அது கீழே இழுக்கக் கூடாது. இழுத்துவிட்டு உடனே விட்டுவிடும். அதன்பின் எல்ஏ-2ஏவுக்குப் போவது கொஞ்சம் அமைதியடைந்த குரல். ஒளிப்பலகை பளீரென்று எரியாது. மங்கலாக எரிந்து 2, 3 டெசிபலை நிதானமாகத் தாங்கும். ஒரே கருவியிடம் 6 டெசிபல் கேட்டால் அது அழுத்துவது காதில் தெரியும். இரண்டிடம் பாதிப் பாதி கேட்டால் குரல் குரலாகவே இருக்கும். சில குரல்களுக்கு வரிசையை மாற்றி, எல்ஏ-2ஏவை முன்னால் வைப்பது பொருந்தும். மேடை அனுபவமுள்ள, மைக்கோடு விளையாடத் தெரிந்தவர்களுக்கு அப்படி வைத்திருக்கிறேன். ஓதுவார்களுக்கு அது ஒத்துவருவதில்லை.

ஐயாவிடம் இன்னொரு பிரச்சினையும் இருந்தது. அவர் கையில் தாளத்தோடுதான் பாடுவார். ஒவ்வொரு தட்டும் குரலுக்கு வைத்த மைக்கில் ‘ணங்’ என்று விழும். கம்ப்ரஸருக்குக் குரல் எது, தாளம் எது என்று தெரியாது. தட்டு விழுந்தவுடன் எல்லாவற்றையும் அழுத்தும். பாட்டு முழுக்கக் குரல் தட்டுக்குத் தட்டு பம்மும். தாளத்தை வேறொருவர் தனியாகப் போடட்டும் என்று சொல்வதே வழக்கம். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. திருக்கோலக்காவில் ஞானசம்பந்தக் குழந்தைக்குக் கிடைத்த பொற்றாளத்துக்கு ஒலி கொடுத்தவள் என்று அம்பாளுக்கே ‘ஓசைகொடுத்த நாயகி’ என்று பெயர். அந்த வழியில் வந்த கையிலிருந்து தாளத்தை எப்படி வாங்கி வைப்பது? கருவிக்கு ஒரு பக்கவாட்டு வாசல் உண்டு, சைடுசெயின் என்போம். கம்ப்ரஸர் எதைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்று அங்கே தனியாகக் கொடுக்கலாம். எல்ஏ-2ஏ, 1176 இரண்டுக்கும் அந்த வசதி உள்ள நகல்களையே எடுத்து, உச்ச அதிர்வெண்களை வெட்டிய ஒலியை அவற்றின் காதுக்கு மட்டும் கொடுத்தேன். தாளம் அவற்றின் காதில் விழவில்லை. நம் காதில் முழுதாக விழுந்தது. மொத்தக் கலவையின் மேல் போடுகிற எஸ்எஸ்எல் வகைக் கம்ப்ரஸரை இந்தப் பதிவுகளில் நான் போடுவதே இல்லை. சினிமாப் பாட்டில் அது எல்லா வாத்தியத்தையும் ஒட்டவைக்கும். இங்கே தாளத்தின் ஒவ்வொரு தட்டும் ஓதுவாரைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிடும். எத்தனை மெதுவான அட்டாக் வைத்தாலும் எனக்கு அது கேட்கிறது.

கதறலுக்கு அளவு வைப்பீர்களா என்ற கேள்வி இன்னும் மிச்சம் இருக்கிறது. திருவதிகைப் பதிகத்துக்கு மட்டும் வேறு வழி எடுத்தேன். குரலை இரண்டு பாதையாகப் பிரித்தேன். ஒன்றை யாரும் தொடவில்லை. இன்னொன்றைக் கடுமையாக, 15 டெசிபல் வரை நசுக்கி, முதல் குரலுக்கு அடியில் கேட்டும் கேட்காமலும் வைத்தேன். பாரலல் என்று இதைச் சொல்வோம். மந்தரத்தில் மூச்சாகிற இடத்தில் அடியில் இருக்கும் குரல் தாங்கி உயர்த்துகிறது. மேலே கதறும்போது தொடாத குரல் தன் முழு உயரத்தில் நிற்கிறது. அடியில் இருப்பது அதன் பக்கத்தில் ஒன்றுமில்லாமல் போகிறது. உரப்புக்கும் மென்மைக்கும் நடுவில் இருந்த தூரம் குறைந்தது உண்மைதான். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் கதறலின் முனையில், அது கிழிகிற இடத்தில், எதுவும் கை வைக்கவில்லை. எளியதைத் தூக்கியதால் தூரம் குறைந்தது. ஐயாவுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். கேட்டு முடித்தபின் மந்தரத்து வரிகளை மறுபடி போடச் சொன்னார். கதறுகிற இடத்தை அவர் கேட்கவில்லை.

இப்போது ஒரு பெரிய ஆட்சேபத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். இறைவனின் தொழிலை ஒரு மின்சாரப் பெட்டியின் குமிழில் ஏற்றிப் பேசுவது தகுமா? திரோதானம் எங்கே, 3 டெசிபல் எங்கே? எனக்கே இந்தப் பயம் உண்டு. ஆனால் ஆன்மாவைப் பற்றிச் சித்தாந்தம் சொல்லும் அடிப்படையான செய்தி, அது சார்ந்ததன் வண்ணமாகும் என்பது. தனக்கென்று ஒரு நிறம் வைத்துக்கொண்டு அது தனியாக நிற்பதில்லை. மலத்தைச் சார்ந்தால் மலமாக, அருளைச் சார்ந்தால் அருளாகத் தொழிற்படும். அப்படியானால் நான் செய்கிற எந்த மறைப்பும் நடுநிலையில் நிற்க முடியாது. இறைவன் செய்வதை நான் செய்கிறேன் என்று சொல்லவில்லை. என் கை எதைச் சார்ந்து திரும்புகிறது என்று பார்க்கிறேன். அந்தப் பார்வை எனக்குக் கடமை.

ஆணவத்தின் பக்கம் திரும்பிய கைகளை என் தொழிலின் வரலாறே காட்டும். சிடி வந்தபின் ஒலிக்கு உச்சவரம்பு ஒன்று நிலைத்தது. அதற்கு மேல் ஏற முடியாது. ஆனால் உச்சங்களை வெட்டி மீதியைத் தூக்கிக்கொண்டே போனால், பக்கத்துப் பாட்டைவிட நம் பாட்டு சத்தமாகக் கேட்கும். 1990களிலிருந்து எல்லாரும் அதைச் செய்தார்கள். 2008இல் மெட்டாலிகாவின் டெத் மேக்னடிக் வெளியானபோது, சிடியைவிட ஒரு வீடியோ விளையாட்டுக்காகக் கொடுக்கப்பட்ட வடிவத்தில் அதே பாட்டுகள் நசுங்காமல் இருந்ததை ரசிகர்களே கண்டுபிடித்துக் குரல் எழுப்பினார்கள். நம் ஊரில் ஆடி மாதத்து அம்மன் பாட்டுகளைக் கேளுங்கள். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒரே உயரம். பம்பையும் உடுக்கையும் சத்தமாக இருக்கின்றன. ஆனால் எழும்புவதில்லை, எழும்ப இடம் இல்லை. இரண்டு மூன்று பாட்டு கேட்டால் சோர்வு வரும். ஏன் சோர்கிறோம் என்று கேட்கிறவருக்குத் தெரியாது. தன் காது, தன் வயது, தன் பக்திக் குறைவு என்று எதையாவது நினைத்துக்கொள்வார். ஓர் உடுக்கையின் வீச்சை அவரிடமிருந்து எடுத்துவிட்டோம். எடுத்ததும் தெரியாமல் செய்துவிட்டோம். உமாபதி சிவம் சொன்ன இரண்டாவது வகை மறைப்பு இதுதான்.

இத்தனைக்கும் இப்போது அதற்குத் தேவையே இல்லை. காது உணர்கிற உரப்பை அளக்க 2006இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒரு முறை வகுத்தது. 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் அதை வைத்து மைனஸ் 23 என்று ஓர் அளவை ஏற்றார்கள். இன்று ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் சுமார் மைனஸ் 14க்கு மேல் சத்தமாக வருகிற பாட்டைத் தாமே தாழ்த்திவிடுகின்றன. நசுக்கிக் கொடுத்த பாட்டுக்கு மிஞ்சுவது நசுக்கல் மட்டும்தான். தயாரிப்பாளரிடம் இதைச் சொன்னால், “சத்தம் பத்தலையே சார், திருவிழாவுல குழாய் ஸ்பீக்கர்ல போடணுமே” என்பார். அவர் கவலை பொய்யல்ல. ஆனால் குழாய் ஸ்பீக்கருக்கு ஒலிப்பெருக்கிக்காரர் ஒரு குமிழ் வைத்திருக்கிறார். தேவைக்கு அவர் ஏற்றிக்கொள்வார். நான் வெட்டி எறிந்ததை அவரால் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆக, என் அறையில் சில வழக்கங்களை வைத்துக்கொண்டிருக்கிறேன். ரிலீஸைத்தான் முதலில் சரிசெய்வேன். விடத் தெரியாத அழுத்தத்தை எந்த அளவிலும் ஏற்பதில்லை. பாடியவரின் தொடாத பதிவை மிக்ஸிங்கோடு சேர்த்து அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன். நான் மறைத்தது என்ன என்று எப்போது வேண்டுமானாலும் அவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம், வேறொருவரிடம் கொடுத்து மாற்றியும் வாங்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதுவது அளவு சமன் செய்து கேட்பது. சற்றுச் சத்தமாகக் கேட்பதை நம் காது நல்லது என்று நம்பிவிடும். அரை டெசிபல், ஒரு டெசிபல் போதும். கம்ப்ரஸரைப் போட்டு, மொத்த அளவைத் தூக்கும் மேக்கப் கெயினையும் ஏற்றி, ‘ஆஹா’ என்று சொல்கிற இடத்தில் பாதி ஆஹா அந்தச் சத்தத்துக்கு உரியது. ஆகவே கம்ப்ரஸர் உள்ள குரலையும் இல்லாத குரலையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவந்து, கண்ணை மூடிக்கொண்டு, எது எது என்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கேட்கிறேன். உதவியாளனைப் பொத்தானை அழுத்தச் சொல்லிவிடுவேன். அப்போது மந்தரத்து வரி தெளிவாக வந்து, வல்லினமும் கெடாமல் இருந்தால் கருவி இருக்கும். வித்தியாசம் தெரியவில்லை என்றாலோ, கருவி இல்லாத குரலையே நான் தேர்ந்தெடுத்தாலோ, எத்தனை பெயர் பெற்ற கருவியாக இருந்தாலும் அதைக் கழற்றிவிட்டு அடுத்த பதிகத்துக்குப் போகிறேன்.